பல்லக்குத் தூக்கியும் பணிவிடைக்காரரும்: தண்டனைச் சட்டத்தின் ஓர் அத்தியாயத்துக்கு உரை

இந்திய தண்டனைச் சட்டத்தின் 19ஆம் அத்தியாயத்தில் மூன்றே பிரிவுகள்: 490, 491, 492. வேலைக்கென்று செய்த ஒப்பந்தத்தை மீறுவதைக் குற்றமாக்குவது அதன் பொருள். பொய் ஆவணங்களைப் பேசும் 18ஆம் அத்தியாயத்துக்கும் திருமணக் குற்றங்களைப் பேசும் 20ஆம் அத்தியாயத்துக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்ததால், சட்டம் படிக்கிறவர்கள்கூட இதை வேகமாகத் தாண்டிப் போவார்கள். எனக்கு இது நின்று வாசிக்க வேண்டிய பகுதியாகப் படுகிறது. காலனி ஆட்சியின் தொழிலாளர் சட்டங்களை ஒரு வரலாறாகவும் மனநோயாளிகளுக்கான சட்டங்களை வேறொரு வரலாறாகவும் எழுதி வந்திருக்கிறோம். இந்த அத்தியாயத்தில் கூலியாளும் சித்தம் கலங்கியவரும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கிறார்கள். ஒருவர் இன்னொருவரோடு என்ன உறவில் நிறுத்தப்பட்டிருக்கிறார் என்பதைச் சொல்லுக்குச் சொல் பார்க்கத்தான் இந்த உரை. ஒவ்வொரு பிரிவின் பொருளையும் முதலில் எளிய தமிழில் தருகிறேன். விளக்கம் அதன் பின்.

முதலில் பாயிரம். 1837இல் தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவை அரசிடம் கொடுத்தது மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம். ஒப்பந்தத்தை மீறுவது பொதுவாகக் குற்றமாகாது, ஈடு கேட்டு சிவில் வழக்குப் போடுவதே முறை என்பதை ஆணையம் தன் குறிப்புகளில் ஒப்புக்கொள்கிறது. பிறகு விதிவிலக்குக்குக் காரணம் காட்டுகிறது. சில மீறல்களால் வரும் கேட்டைப் பணத்தால் சரிக்கட்ட முடியாது. அவற்றைச் செய்யக்கூடியவர்களிடம் ஈடு செலுத்தப் பணமும் இராது. ஆகவே அவற்றைத் தண்டிக்கலாம் என்பது வாதம். முதல் காரணத்தில் நியாயம் இருக்கிறது. இரண்டாவதை ஊன்றிப் பார்க்க வேண்டும். ஒருவர் ஏழையாக இருப்பதே அவரைச் சிறைக்கு அனுப்பும் வாதத்தின் பாதியாகிவிடுகிறது. வசதியுள்ளவர் வாக்குத் தவறினால் அவர் சொத்து பதில் சொல்லும். இல்லாதவர் தவறினால் அவர் உடம்பு பதில் சொல்ல வேண்டும். வரைவு கிடப்பில் கிடந்து, திருத்தங்கள் கண்டு, 1860 அக்டோபரில் சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தபோதும் இந்த வாதம் அத்தியாயத்தின் முதுகெலும்பாகவே இருந்தது.

பிரிவு 490

பொருள்: ஆளையோ பொருளையோ ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகவும், பயணத்தில் ஒருவருக்கு ஏவலாளாக இருக்கவும், பயணத்தில் ஆளையோ பொருளையோ காவல்காக்கவும் முறையான ஒப்பந்தத்தால் கட்டுப்பட்டவர், நோய் அல்லது கொடுமைப்படுத்தல் என்ற காரணம் இல்லாமல், வேண்டுமென்றே அதைச் செய்யாமல் விட்டால் ஒரு மாதம் வரை சிறை, அல்லது 100 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இந்தப் பிரிவு யாரை நினைத்து எழுதப்பட்டது என்பதை அதன் கீழுள்ள உதாரணங்கள் காட்டிவிடுகின்றன. பல்லக்குத் தூக்கி ஒருவர் பாதி வழியில் ஓடிப்போகிறார். கூலியாள் ஒருவர் பயணியின் மூட்டைகளை எறிந்துவிடுகிறார். பொதிமாட்டுக்காரர் ஒருவர் ஏற்றிச்செல்ல ஒப்புக்கொண்ட சரக்கைக் கொண்டுபோகாமல் விடுகிறார்.

பல்லக்கு மெக்காலேக்குப் புத்தகத்தில் படித்த பொருளல்ல. 1834 ஜூனில் சென்னையில் கரையிறங்கிய அவர், உதகமண்டலத்தில் தங்கியிருந்த கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைச் சந்திக்க, ஆர்க்காடு, பெங்களூர், மைசூர் வழியாக ஏறத்தாழ 400 மைல் தூரம் ஆட்களின் தோள்மேல்தான் போனார். மூன்றாண்டு கழித்து வரைவு தயாரானபோது, காட்டு வழியில் இறக்கிவிட்டுப் போகப்படும் பயணியின் திகில் அதை எழுதியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தூக்குகிறவரின் தோள் அந்தக் கணக்கில் எங்கே வந்தது என்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது.

சிவிகை சுமப்பவரையும் அதில் ஊர்பவரையும் அருகருகே நிறுத்தும் குறளை நாம் அறிவோம். அந்த இருவரின் நிலையையும் பழைய உரைகாரர்கள் அறத்தின் பயனாகப் பார்த்தார்கள். தண்டனைச் சட்டம் அதே இருவரை ஒப்பந்தக்காரர்களாக நிறுத்துகிறது. ஒப்பந்தம் என்றால் இரு பக்கமும் கடமை உண்டு. இறக்கிவிட்டு ஓடியவருக்குச் சிறை என்று சொன்ன சட்டம், கூலி கொடுக்காமல் போன பயணியைப் பற்றி இந்த அத்தியாயத்தில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தூக்கியவர் தன் கூலிக்கு சிவில் நீதிமன்றம்தான் போக வேண்டும். அந்த வழி போதாது என்று பயணிக்காக முடிவெடுத்த ஆணையம், தூக்கியவருக்கு அது போதும் என்று விட்டுவிட்டது.

நான்காவது உதாரணத்தை மட்டும் மதிப்போடு குறிப்பிட வேண்டும். ஒருவர் சட்டத்துக்கு மாறான வழியில் வற்புறுத்தி ஒரு கூலியாளைத் தம் மூட்டையைத் தூக்க வைக்கிறார். கூலியாள் வழியில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஓடிவிடுகிறார். முறையான ஒப்பந்தமே இல்லாததால் அவர் குற்றம் எதுவும் செய்யவில்லை என்கிறது சட்டம். படை நகரும்போதும் அதிகாரிகள் ஊர்சுற்றும்போதும் ஆட்களைப் பிடித்து வெட்டி வேலை வாங்கும் வழக்கம் இருந்த காலம் அது. அதை அறிந்தவர்கள்தான் இந்த உதாரணத்தை எழுதியிருக்க முடியும். ஓடிப்போகும் உரிமையை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்ட வரியை அந்தக் காலத்து வேலைச் சட்டங்களில் தேடினால் எளிதில் கிடைக்காது.

'நோய் அல்லது கொடுமைப்படுத்தல்' என்ற விலக்கையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பிரிவில் அதைத் தேடப் போகிறோம். மற்றபடி இந்தப் பிரிவு பிறக்கும்போதே முதுமை தட்டியிருந்தது. 1856இலேயே இராயபுரத்திலிருந்து ஆர்க்காடு நோக்கி ரயில் ஓடத் தொடங்கியிருந்தது.

பிரிவு 492

வரிசைப்படி 491 இப்போது வர வேண்டும். மூன்றில் அது ஒன்றே பிழைத்துக் கிடந்தது என்பதால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

492இன் பொருள்: கைவினைஞராகவோ வேலையாளாகவோ கூலியாகவோ மூன்றாண்டுக்கு மேற்படாத காலத்துக்கு உழைக்க எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்து, முதலாளியின் செலவில் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் ஓரிடத்துக்குக் கொண்டுபோகப்பட்டவர், இடையில் வேலையை விட்டு ஓடினாலோ, தக்க காரணமின்றி வேலை செய்ய மறுத்தாலோ ஒரு மாதம் வரை சிறை, அல்லது அந்தப் பயணச் செலவின் இருமடங்குக்கு மேற்படாத அபராதம், அல்லது இரண்டும். முதலாளி அவரைக் கொடுமைப்படுத்தியிருந்தாலோ தம் பங்கு ஒப்பந்தத்தை நிறைவேற்றாமல் இருந்தாலோ தண்டனை கிடையாது.

'முதலாளியின் செலவில்' என்ற சொற்றொடர்தான் இங்கே உயிர்நாடி. தொழிலாளி வீட்டை விட்டு எவ்வளவு தொலைவு கொண்டுபோகப்படுகிறாரோ அவ்வளவு பெரிய தண்டனைக்கு அவர் ஆளாகிறார். வழிச்செலவு முதலாளியின் முதலீடாக இல்லாமல் தொழிலாளியின் காலில் கட்டிய கடனாகிவிடுகிறது. 490இல் சில நாள் பயணத்துக்குக்கூட நோய் ஒரு விலக்கு. மூன்றாண்டு உழைப்புக்கு, அதுவும் மலேரியாக் காடுகளை அழித்துத் தோட்டம் போட்ட காலத்தில், வேலையை விட்டுப் போனவருக்கு நோய் என்ற விலக்கை இந்தப் பிரிவு பெயர் சொல்லித் தரவில்லை.

'பிரிட்டிஷ் இந்தியாவுக்குள்' என்பது நம் மக்களைப் பொறுத்தவரை இன்னொரு எல்லைக்கோடு. கடல் தாண்டி இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களுக்கு 492 பொருந்தாது. அங்கே 1865இன் 11ஆம் அவசரச் சட்டம் அதே செயலைக் குற்றமாக்கி வைத்திருந்தது. ஆட்களைத் திரட்டி மேய்த்த கங்காணியிடம் பட்ட கடனும், அந்தக் கடனைக் கட்டினால்தான் தொழிலாளி விடுபடலாம் என்று காட்டும், அவர் கையிலிருந்த 'துண்டு' என்ற சீட்டும் அதற்கு மேல். துண்டு முறை ஒழிந்தது 1921இல்தான்.

ஆனாலும் முதலாளிகள் விரும்பிய ஆயுதம் 492 அல்ல. 1859இன் 13ஆம் சட்டம் அதைவிட வசதியாக இருந்தது. கல்கத்தாவின் வியாபாரிகள் சங்கம் கொடுத்த விண்ணப்பத்தால் பிறந்த சட்டம் அது. 492க்கு எழுத்து மூல ஒப்பந்தம் வேண்டும். அதற்கு வாய்மொழி போதும். 492 குற்றத்துக்குத் தண்டனை தந்தது. அந்தச் சட்டமோ முன்பணத்தைத் திருப்பிக் கொடு அல்லது வேலையைச் செய் என்று மாஜிஸ்திரேட் உத்தரவிட வழிசெய்தது. இரண்டில் எது என்பதைத் தேர்ந்தெடுப்பவர் புகார் கொடுத்த முதலாளி. உத்தரவுக்குப் பணியாவிட்டால் மூன்று மாதம் வரை கடுங்காவல். 492இல் உள்ளதுபோல் முதலாளியின் கொடுமையைத் தனி விலக்காக அது சொல்லவில்லை. நகரக் கைவினைஞர்களை நினைத்துச் செய்த அந்தச் சட்டம் அசாமின் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்திய மலைகளுக்கும் பரவியது. அசாமில் 1865இன் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போய், ஓடிப்போன கூலியைப் பிடியாணை இல்லாமல் தாமே பிடிக்கும் அதிகாரத்தைத் தோட்டக்காரர்களுக்குக் கொடுத்தது. அந்த அதிகாரம் 1908 வரை நீடித்தது. சென்னை மாகாணமும் 1903இல் தோட்டக்காரர்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றிக்கொண்டது. இங்கிலாந்தில் வேலையாட்கள் ஒப்பந்தத்தை மீறினால் சிறை என்ற பழைய முறை 1875இலேயே நீக்கப்பட்டுவிட்டது. அதே நாட்டின் ஆட்சிக்குக் கீழே இங்கே அது இன்னும் 50 ஆண்டு ஓடியது.

அது நின்றதற்குப் பின்னால் உழைத்த மக்களின் கால்கள் இருக்கின்றன. 1921 மே மாதம் சுர்மா பள்ளத்தாக்கின் சார்கோலா தோட்டங்களை விட்டு ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சொந்த ஊர் நோக்கி நடந்தார்கள். வழியில் சாந்த்பூரில் அவர்கள்மேல் கூர்க்காப் படை ஏவப்பட்டது. ஓடிப்போவது குற்றம் என்ற சட்டத்தை ஓர் ஊரே சேர்ந்து மீறும்போது அதை வைத்து ஆள முடியாது. 1920இல் ஒட்டுப்போட்டுப் பார்த்தும் பயனில்லாமல், 1925இன் 3ஆம் சட்டம் 1859இன் சட்டத்தை ரத்து செய்தது. கூடவே 490, 492 இரண்டையும் நீக்கியது. 491 மட்டும் நின்றது.

பிரிவு 491

பொருள்: இளவயதாலோ, சித்தம் கலங்கியதாலோ, நோயாலோ, உடல் தளர்ச்சியாலோ ஆதரவற்று, அல்லது தன் பாதுகாப்பைத் தானே பார்த்துக்கொள்ளவும் தன் தேவைகளைத் தானே நிறைவேற்றிக்கொள்ளவும் முடியாமல் இருக்கும் ஒருவருக்குப் பணிவிடை செய்யவோ தேவைகளைக் கொடுக்கவோ முறையான ஒப்பந்தத்தால் கட்டுப்பட்டவர், வேண்டுமென்றே அதைச் செய்யாமல் விட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

'சித்தம் கலங்கியதாலோ ... முடியாமல் இருக்கும்': இந்தத் தொடரின் அமைப்பைப் பாராட்டியே ஆக வேண்டும். மனநோய் இருந்தால் மட்டும் போதாது. அதனால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையும் இருக்க வேண்டும். நோயும் இயலாமையும் வேறுவேறு என்று 1860இன் சட்டம் பிரித்தறிந்திருக்கிறது. அரை நூற்றாண்டு கழித்து வந்த 1912இன் மனநோயாளிகள் சட்டத்துக்கு இந்தப் பொறுமை இல்லை. மூளைத்திறன் குன்றியவர், சித்தம் கலங்கியவர் என்று சொல்லியே அது தன் விளக்கத்தை முடித்துக்கொண்டது. அந்த விளக்கத்தின் மேல்தான் பிடிப்பதும் அடைப்பதும் நடந்தன. அலைந்து திரிபவரைப் போலீஸ் பிடிக்கலாம் என்று 13ஆம் பிரிவு இருந்தது. அந்தச் சட்டம் 1987இன் சட்டம் 1993இல் நடப்புக்கு வரும்வரை நீடித்தது.

'ஒப்பந்தத்தால் கட்டுப்பட்டவர்': நான் இந்தப் பிரிவில் நெடுநேரம் நின்றது இந்தச் சொல்லில்தான். சித்தம் கலங்கிய ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் கடமை யாருக்கு என்ற கேள்விக்கு இந்த அத்தியாயம் தரும் ஒரே பதில், அதற்காகக் கூலி வாங்குபவருக்கு என்பது. பெற்றோர், பிள்ளைகள், கணவன், மனைவி யாரும் இதற்குள் வரமாட்டார்கள். அரசும் வராது. 1912இன் சட்டம் உறவினரைத் தொட்டது. ஆனால் எப்படி என்று பாருங்கள். கவனிப்பின்றியோ கொடுமைக்கு ஆளாகியோ கிடக்கும் நோயாளியைப் பற்றி மாஜிஸ்திரேட் விசாரித்து, சரியாகப் பார்த்துக்கொள்ளும்படி உறவினருக்கு உத்தரவிட்டு, அதன் பிறகும் அவர் வேண்டுமென்றே அலட்சியம் செய்தால் ஒரு மாதம் வரை சிறை. கூலிக்கு இருந்தவருக்கோ முன் உத்தரவு எதுவும் வேண்டாம்; விட்டுப் போனதுமே மூன்று மாதம் வரை. ஒரே நோயாளி, ஒரே கைவிடல். சொத்தும் உறவும் உள்ளவருக்கு ஓர் எச்சரிக்கை கிடைக்கிறது, கூலிக்காரருக்குக் கிடைப்பதில்லை.

'வேண்டுமென்றே செய்யாமல் விட்டால்': 490இல் இருந்த 'நோய் அல்லது கொடுமைப்படுத்தல்' என்ற விலக்கு இங்கே இல்லை. பணிவிடைக்காரருக்கே காய்ச்சல் வந்தால் அவர் 'வேண்டுமென்றே' விடவில்லை என்று வாதாட இடமுண்டு. அடி தாங்காமல், கூலி வராமல், இரவு பகல் தூக்கமில்லாமல் வெளியேறினால் அது அவரே எடுத்த முடிவுதான். பல்லக்குத் தூக்கியை மன்னித்த காரணம் நோயாளியின் பணியாளரை மன்னிக்காது. நோயாளி கதியற்றுப் போவார் என்பதால் இந்தக் கடுமை என்று சொல்லலாம். அந்தக் கவலை உண்மையானது, எனக்கும் உண்டு. ஆனால் நடுக்காட்டில் இறக்கப்பட்ட பயணியும் கதியற்றவர்தானே? வேறுபாட்டுக்கு ஒரு காரணம் எனக்குப் படுகிறது. பயணம் முடியும், பல்லக்குத் தூக்கிக்குத் திரும்பிப் போக ஊர் இருக்கிறது. வீட்டுக்குள் நடக்கும் பணிக்கு முடிவு கிடையாது. அங்கே ஆயாவும் ஏவலாளும் படும் பாட்டைச் சட்டம் எழுதியவர்கள் தங்கள் வீடுகளிலேயே தினமும் பார்த்தார்கள். பழகிய காட்சி கொடுமையாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஒப்பந்தம் யாரோடு என்பது அடுத்த முடிச்சு. 1872இன் ஒப்பந்தச் சட்டப்படி சித்தம் தெளிவில்லாதவர் ஒப்பந்தம் செய்ய முடியாது. தெளிவு வந்துபோகும் நோயாளி, காப்பகத்தில் இருந்தாலும், தெளிந்த வேளையில் ஒப்பந்தம் செய்யலாம் என்று அதன் 12ஆம் பிரிவின் உதாரணம் சொல்கிறது. அது மனிதரை மனிதராகப் பார்க்கும் வரி. இருந்தாலும் 491 பேசும் இயலாத நிலையில் ஒப்பந்தம் வேறொருவர் செய்ததாகவே இருக்கும். இதன் விளைவு 1973இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வெளிப்பட்டது. 491இன் வழக்கைச் சமரசமாக முடிக்கும் உரிமை, குற்றம் செய்தவர் யாரோடு ஒப்பந்தம் செய்தாரோ அவருக்குத்தான். பசியோடும் மலத்தோடும் கிடந்த நோயாளியின் சம்மதத்தை அங்கே யாரும் கேட்பதில்லை.

நோயாளி உழைப்பின் பக்கத்திலும் இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1858இல் ஒரே ஆண்டில் மூன்று மனநோயாளிகள் சட்டங்கள் வந்தன. அவற்றில் 36ஆம் சட்டம் காப்பகங்களுக்கானது. சென்னையில் 1794 முதலே இருந்த காப்பகம் 1871இல் கீழ்ப்பாக்கத்தில் புதிய இடத்தில் திறக்கப்பட்டது. காலனிக் காலக் காப்பகங்களில் தோட்ட வேலை, நெசவு, மாவரைத்தல் என்று நோயாளிகளிடம் வேலை வாங்குவது மருத்துவமாகவும் செலவைக் குறைக்கும் வழியாகவும் கருதப்பட்டது. அந்த உழைப்புக்கு ஒப்பந்தமும் இல்லை, கூலிக்குச் சட்ட உரிமையும் இல்லை. நோயாளியை வேலை செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது, செய்த வேலைக்குத் தக்க ஊதியம் தர வேண்டும் என்று 2017இன் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்ல வேண்டியிருந்தது என்றால், இடையில் ஓடிய காலத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு ஆண்டுகளில் 491 யாரைக் காத்தது? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர் இறந்தார்கள். அன்று 491 சட்டப் புத்தகத்தில் இருந்தது. ஆனால் அது தண்டிப்பது விட்டுப் போகிறவரை. விட்டுப் போகாமல் இருந்து, கட்டிப்போட்டு, அதையே பராமரிப்பு என்று சொல்பவர் அதன் சொற்களுக்குள் எளிதில் சிக்கமாட்டார். சட்டவிரோதமாக அடைத்துவைத்தல் என்று வேறு பிரிவுகள் உண்டு; அவற்றை யாரோ ஒருவர் நோயாளிக்காக எடுத்துப் பேச வேண்டும். எந்த வடிவிலும் சங்கிலி கூடாது என்று சட்டம் வெளிப்படையாகச் சொன்னது 2017இல், அந்தச் சட்டத்தின் 95ஆம் பிரிவில்.

490ஐயும் 492ஐயும் தொழிலாளர்கள் நடந்து காட்டி ஒழித்தார்கள். 491க்கு அப்படி நடப்பதற்கு ஆள் இல்லை. நோயாளி எழுந்து போக முடியாதவர். பணிவிடைக்காரர் ஒவ்வொரு வீட்டிலும் தனியாள். இன்று சென்னையிலும் கோவையிலும் ஏஜென்சி வழியாக வந்து, மறதி நோய் கண்ட முதியவரோடும் மனம் பிறழ்ந்தவரோடும் 24 மணி நேரம் ஒரே அறையில் தங்கும் பெண்ணுக்கு ஓய்வு நேரமும் மாற்று ஆளும் தருவதை முதலில் கடமையாக்கிவிட்டு, அதன்பின் அவர் கைவிட்டுப் போனால் தண்டிக்கலாம். இந்த வரிசையில்தான் 491ஐத் திருத்தியிருக்க வேண்டும். நோயாளிக்கு நல்லது செய்வதும் அந்த வரிசைதான், ஏனென்றால் களைத்துப்போன கைகளிடமிருந்து யாருக்கும் நல்ல கவனிப்பு கிடைக்காது.

திருத்த ஒரு வாய்ப்பும் வந்தது. 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடப்புக்கு வந்திருக்கிறது. 491 அதில் 357ஆகியிருக்கிறது. மிரட்டல், அவமதிப்பு, அவதூறு ஆகியவற்றைப் பேசும் அத்தியாயத்தின் கடைசியில், அவதூறுக்கு அடுத்ததாக வைத்திருக்கிறார்கள். அதற்குப் பின் பழைய சட்டத்தை ரத்து செய்யும் பிரிவு மட்டுமே. நோய், இயலாமை பற்றிய சொற்கள் பழையவையே. மூன்று மாதச் சிறை அப்படியே. 200 ரூபாய் அபராதம் 5,000 ஆகியிருக்கிறது. கொடுமைப்படுத்தப்பட்ட பணியாளருக்கு விலக்கு இப்போதும் இல்லை. சமரசம் செய்துகொள்ளும் உரிமையும் புதிய நடைமுறைச் சட்டத்தில் ஒப்பந்தம் போட்டவர் கையிலேயே இருக்கிறது.